மார்பகப் புற்றுநோய்: உடலின் எதிர்ப்பாற்றல் தரும் முன்னறிவிப்பு

உலகெங்கும் மகளிரைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய் முதலிடம் வகிக்கிறது. இந்தியாவின் நிலையும் இதுவே. அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 மகளிர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 98,000 பேர் உயிரிழந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயே மகளிரிடையே முதலிடத்தில் இருந்தது. நான்கு பத்தாண்டுகளுக்குள் அந்த வரிசை மாறிவிட்டது. மேலைநாட்டு மகளிரோடு ஒப்பிடுகையில் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே தோன்றுகிறது என்பதும் கவனத்திற்குரியது. குடும்பப் பொறுப்பும் உழைக்கும் ஆற்றலும் மிகுந்த வயதில் உள்ளவர்களே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

கட்டி அகற்றப்பட்டதும் நோயாளியும் அவரது குடும்பத்தினரும் கேட்பது ஒரே கேள்விதான்: நோய் மீண்டும் வருமா? எவ்வளவு கடுமையான சிகிச்சை இவருக்குத் தேவை என்பது மருத்துவரின் கேள்வி. குறைந்த நிதியை எந்தச் சோதனைக்கும் எந்த மருந்துக்கும் ஒதுக்குவது என்பது திட்டமிடுவோரின் கேள்வி. இம்மூன்றுக்கும் விடை, நோயின் வருங்காலப் போக்கை எவ்வளவு திட்டமாக முன்கூட்டி அறிய முடிகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு புதிய சான்று துணை நிற்கிறது. புற்றுக்கட்டியை எதிர்த்து உடல் தானே நடத்தும் போராட்டத்தின் தடயங்களே அச்சான்று. அவற்றை அளப்பதற்கான வழிகளுள் சில மிகவும் எளியவை. சில மிகுந்த செலவுடையவை. எது எந்த வினாவிற்கு விடையளிக்கும் என்பதை வேறுபடுத்தி உணர்வது மாணவருக்கும் அலுவலருக்கும் ஒருங்கே பயன்தரும்.

முன்கணிப்பும் பயன்கணிப்பும்

நோயின் தன்மையையோ போக்கையோ காட்டும், அளந்தறியத்தக்க உடற்கூறு எதுவும் உயிரியல் குறியீடு எனப்படும். மார்பகப் புற்றுநோயில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவைகள் மூன்று: கட்டியின் பருமன், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியுள்ளதா என்பது, நுண்ணோக்கியில் காணும்போது அணுக்கள் எந்த அளவுக்கு இயல்பு திரிந்துள்ளன என்பது. பின்னர் ஏற்பிகளைக் கண்டறியும் சோதனைகள் வந்தன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்–2 என்னும் புரதம் ஆகியவை கட்டியில் உள்ளனவா, இல்லையா என்பதைக் கொண்டு இந்நோய் வகைப்படுத்தப்படுகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிக்கு டமாக்சிஃபென் போன்ற விலை குறைந்த மாத்திரை உண்டு. ஹெர்–2 மிகுந்த கட்டிக்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998 முதல் வழக்கில் உள்ளது. இம்மூன்றில் எதுவும் இல்லாத வகையை மருத்துவர்கள் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என அழைப்பர். மேலைநாடுகளில் இது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து நோயாளிகளிடம் காணப்படுகிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், இங்கு இதன் பங்கு நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்டது எனக் கணித்துள்ளனர். விரைந்து பரவக்கூடிய இந்த வகையில்தான் உடலின் எதிர்ப்பாற்றல் பற்றிய குறியீடுகள் மிகுந்த பொருளுடையனவாக விளங்குகின்றன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ள வேண்டும். சில குறியீடுகள், எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டாலும் நோய் எவ்வாறு முடியக்கூடும் என்பதை உணர்த்துகின்றன. இவை முன்கணிப்புக் குறியீடுகள். வேறு சில, குறிப்பிட்ட ஒரு மருந்தினால் எவருக்குப் பயன் விளையும் என்பதை உணர்த்துகின்றன. இவை பயன்கணிப்புக் குறியீடுகள். வேளாண்மையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். நல்ல மண் அமைந்த வயல், உரமிட்டாலும் இடாவிட்டாலும் பக்கத்து வயலைவிடக் கூடுதலாக விளையும்; மண்ணின் வளம் இங்கு முன்கணிப்பு. எந்த வயலில் உரமிட்டால் விளைச்சல் உயரும், எதில் உயராது என்று கூறும் மண் பரிசோதனை பயன்கணிப்பு. முன்னதைப் பின்னதாகக் கருதி உரம் வாங்கினால் பணம் வீணாகும். மருத்துவத்திலும் இப்பிழை நேர்வதுண்டு.

கட்டியினுள் நுழையும் வெள்ளணுக்கள்

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களுள் லிம்ப்போசைட்டுகள் என்பவை அந்நியப் பொருள்களை அடையாளம் கண்டு எதிர்க்கும் பணியைச் செய்கின்றன. புற்றணுக்கள் உடலின் சொந்த அணுக்களிலிருந்து தோன்றியவை எனினும், அவற்றின் மரபுப்பொருளில் நேர்ந்த மாற்றங்களால் உருவாகும் புதிய புரதங்கள் அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றன. இவ்வாறு தூண்டப்பட்ட லிம்ப்போசைட்டுகள் கட்டியைச் சூழ்ந்து, அதனுள்ளும் நுழைகின்றன. அவற்றுள் சி.டி.8 எனக் குறிக்கப்படுபவை புற்றணுக்களை நேரடியாக அழிக்கவல்லவை. எதிர்ப்பை மட்டுப்படுத்தும் இயல்புடைய அணுக்களும் அவற்றினூடே உண்டு. போராட்டத்தின் முடிவு இவ்விரண்டின் சமநிலையைச் சார்ந்தது.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மெக்கார்ட்டி, கட்டியில் லிம்ப்போசைட்டுகள் மிகுந்திருந்த நோயாளிகள் நீண்டநாள் வாழ்ந்தனர் என 1922ஆம் ஆண்டிலேயே எழுதினார். மெடுல்லரி என்னும் ஒருவகை மார்பகக் கட்டி, நுண்ணோக்கியில் கொடியதாகத் தோன்றினும் நோயாளிக்கு நல்ல முடிவையே தருகிறது என 1949இல் மூர், ஃபுட் ஆகிய இருவர் காட்டினர். அவ்வகைக் கட்டியில் வெள்ளணுக்கள் அடர்ந்து காணப்படுவது இயல்பு. எனினும், அளப்பதற்கு ஒத்த முறை இல்லாமையால் இக்குறிப்புகள் பல பத்தாண்டுகள் பயன்படாமல் இருந்தன. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு உள்ள ‘தடை’களை நீக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகியோருக்கு 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 2014இல், வெள்ளணுக்களை அளக்கும் பொதுநெறி ஒன்றைப் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்திருந்தது. அதன் பின்னரே ஒரு நாட்டின் ஆய்வை மற்றொரு நாட்டின் ஆய்வோடு ஒப்பிட இயன்றது.

தகட்டை வாசிக்கும் முறை

இம்முறையின் சிறப்பு அதன் எளிமையில் அடங்கியுள்ளது. புற்றுநோயை உறுதிசெய்வதற்காக எந்த மருத்துவமனையிலும் கட்டியின் ஒரு சிறு பகுதி மெழுகில் பதிக்கப்படுகிறது. நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவப்படுகிறது. ஹெமடாக்சிலின், ஈயோசின் என்னும் இரு சாயங்கள் ஏற்றப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் வைக்கப்படுகிறது. வெள்ளணுக்களை மதிப்பிடுவதற்கும் அதே தகடு போதும். புதிய கருவியோ வேதிப்பொருளோ வேண்டுவதில்லை. பயிற்சி பெற்ற கண்ணும் சில நிமிட நேரமுமே வேண்டும்.

புற்றணுக் கூட்டங்களுக்கு இடையேயுள்ள தாங்குதிசுவின் பரப்பில் எவ்வளவு பகுதியை லிம்ப்போசைட்டுகளும் பிளாஸ்மா அணுக்களும் நிறைத்துள்ளன என்பது விழுக்காட்டில் குறிக்கப்படுகிறது. அணுக்களின் எண்ணிக்கை கணக்கிடப்படுவதில்லை. அவை மூடியுள்ள பரப்பே கணக்கிடப்படுகிறது. கட்டியின் எல்லைக்கு உட்பட்ட பகுதி மட்டுமே கொள்ளப்படும். திசு அழுகிய இடங்களும், முன்னர் ஊசியால் சதை எடுக்கப்பட்ட இடமும் விலக்கப்படும். சீழ் போன்ற அழற்சிகளில் காணும் நியூட்ரோஃபில்கள் சேர்க்கப்படுவதில்லை. அணுக்கள் மிக அடர்ந்த ஒரு மூலையை மட்டும் நோக்கி மதிப்பிடுவது தவறு. தகடு முழுவதையும் நோக்கிச் சராசரி காண வேண்டும். ஒருவர் 20 விழுக்காடு என்றும் மற்றவர் 25 விழுக்காடு என்றும் மதிப்பிடுதல் கூடும். எனினும், குறைவு, இடைநிலை, மிகுதி என்னும் வகுப்பில் பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் ஒத்துப்போகின்றனர். மார்பகப் புற்றுநோய் வல்லுநர்களின் செயின்ட் காலன் மாநாடு, ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகையில் இவ்வளவை அறிக்கையில் குறிப்பிடுவதை 2019இல் ஏற்றுக்கொண்டது.

எண்கள் உணர்த்துவன

அறுவைக்குப் பின் கீமோதெரபி பெற்ற 2,148 ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ நோயாளிகளைப் பற்றிய 9 ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வெளிவந்தது. வெள்ளணு அளவு ஒவ்வொரு 10 விழுக்காடு உயரும்போதும் இறப்பின் இடர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது. அக்குள் கணுக்களில் நோய் பரவாமலும் வெள்ளணு அளவு 30 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களுள், மூன்றாண்டு முடிவில் 99 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர்.

இதனினும் கருத்துக்குரியது 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய பகுதிகளின் 13 மையங்களில் சிகிச்சை பெற்ற 1,966 பேரை அது ஆராய்ந்தது. இவர்கள் அனைவரும் ஏதேனும் ஒரு காரணத்தால் கீமோதெரபி பெறாதவர்கள். முதல் நிலை நோயுடையவர்களுள், வெள்ளணு அளவு 50 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டு வரை தொலைவு உறுப்புகளில் நோய் மீளாமல் இருந்தனர். அளவு 30 விழுக்காட்டிற்குக் குறைவாக இருந்தவர்களில் இவ்வீதம் 78 விழுக்காடே. மருந்தின் தாக்கம் குறுக்கிடாத நிலையில் பெறப்பட்ட இவ்வேறுபாடு, வெள்ளணு அளவு உண்மையான முன்கணிப்புக் குறியீடு என்பதை மெய்ப்பிக்கிறது.

ஆனால் எல்லா வகை மார்பகக் கட்டிக்கும் இவ்விதி பொருந்தாது. அறுவைக்கு முன் கீமோதெரபி பெற்ற 3,771 நோயாளிகளின் விவரங்களை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். எல்லா வகைகளிலும், வெள்ளணுக்கள் மிகுந்த கட்டிகளே மருந்துக்கு முற்றிலும் கரைவதில் முன்னின்றன. ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகையில் அளவு குறைந்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் மிகுந்தவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. எனினும், நெடுநாள் வாழ்வைக் கணக்கிட்டபோது, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்–2 மிகாத வகையில் வெள்ளணு மிகுதி குறைந்த வாழ்நாளுடன் தொடர்புற்றிருந்தது. ஒரு வகையில் நற்குறியாக நிற்பது மற்றொரு வகையில் அவ்வாறு நிற்பதில்லை. ஆகவே ஏற்பிச் சோதனை திருத்தமாக முடிந்த பின்னரே வெள்ளணு அளவுக்குப் பொருள் கூற இயலும்.

செலவு மிகுந்த குறியீடு

புற்றணுக்கள் தம்மை அழிக்க வரும் வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்யும் உத்தி ஒன்றைக் கையாள்கின்றன. பி.டி.–எல்.1 என்னும் புரதம் அணுக்களின் மேற்பரப்பில் தோன்றி, வெள்ளணுவிலுள்ள பி.டி.–1 என்னும் ஏற்பியோடு பிணைந்து அதன் செயலை அடக்குகிறது. இப்பிணைப்பைத் தடுக்கும் மருந்துகளே பெம்ப்ரொலிசுமாப், அடெசொலிசுமாப் முதலியன. பி.டி.–எல்.1 மிகுந்துள்ள கட்டிக்கு இம்மருந்து பயன் தரும் என்பது இயல்பாக எழும் எதிர்பார்ப்பு. உண்மை இதைவிடச் சிக்கலானது.

உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ நோயில் பெம்ப்ரொலிசுமாபை ஆராய்ந்தபோது, பி.டி.–எல்.1 மதிப்பெண் 10ம் அதற்கு மேலும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 16.1 மாதமாகவும், இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 23 மாதமாகவும் இருந்தது. மதிப்பெண் 1க்கும் குறைந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இங்கு இப்புரதம் பயன்கணிப்புக் குறியீடாக விளங்குகிறது. அறுவைக்குரிய தொடக்க நோயிலோ நிலை வேறு. 2020இல் வெளிவந்த ஆய்வில், பி.டி.–எல்.1 உள்ளவர்களில் கட்டி முற்றிலும் மறைந்தவர்களின் வீதம், இம்மருந்தினால் 54.9 விழுக்காட்டிலிருந்து 68.9 ஆக உயர்ந்தது, இல்லாதவர்களில் 30.3இலிருந்து 45.3 ஆக உயர்ந்தது. மருந்தினால் விளைந்த கூடுதல் பயன் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வயல் உவமையில் கூறுவதாயின், ஒரு வயலின் மண் நல்லது. உரத்தினால் வந்த மிகுதி விளைச்சலோ இரு வயலுக்கும் சமம். ஆகவே தொடக்க நோயில் மருந்தைப் பெறுவோரைத் தேர்ந்தெடுக்க இச்சோதனை உதவுவதில்லை. 2024இல் வெளிவந்த ஐந்தாண்டுக் கணக்கின்படி, இம்மருந்து பெற்றவர்களில் 86.6 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 81.7 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். ஆயினும் தைராய்டு, அட்ரினல் முதலிய சுரப்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் பக்கவிளைவுகள் இதில் உண்டு. சிலருக்கு அவை வாழ்நாள் முழுவதும் நீடிக்கின்றன.

சோதனை முறையும் ஒருமைப்பாடு உடையதன்று. அடெசொலிசுமாப் ஆய்வில் பங்குபெற்ற 614 நோயாளிகளின் திசுக்களை மூன்று வெவ்வேறு சோதனைப் பொருள்களால் ஆராய்ந்தபோது, பி.டி.–எல்.1 உள்ளதாக ஒன்று 46 விழுக்காட்டினரையும், மற்றொன்று 75 விழுக்காட்டினரையும், மூன்றாவது 81 விழுக்காட்டினரையும் காட்டியது. நோயாளிகள் அவர்களே, அளவுகோலே வேறு. இம்மருந்துக்கு மார்பகப் புற்றுநோயில் 2019இல் அமெரிக்காவில் கிடைத்த விரைவு ஒப்புதலை, அடுத்து வந்த ஆய்வு பயனை உறுதிசெய்யாமையால், 2021இல் அதன் உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுக்கொண்டார். புதுமை என்பதாலேயே ஒரு குறியீட்டை உடனே பொதுத் திட்டத்தில் சேர்ப்பது எவ்வளவு இடருடையது என்பதற்கு இது தக்க சான்று.

இரத்தத்தில் காணும் விகிதம்

சாதாரண இரத்தப் பரிசோதனையிலிருந்தே ஒரு குறியீட்டைப் பெறலாம் என்னும் கருத்தும் உண்டு. நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை லிம்ப்போசைட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் விகிதம் உயர்ந்திருந்தால் நோயின் முடிவு தாழ்வாக இருந்தது எனப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. செலவு மிகக் குறைவு என்பது இதன் நன்மை. ஆனால் காய்ச்சல், தொற்று, ஸ்டீராய்டு மருந்து, மன உளைச்சல் என எதனாலும் இவ்விகிதம் மாறக்கூடும். தொற்றுநோய்கள் மிகுந்த இந்தியச் சூழலில் தனியொரு நாளில் எடுத்த அளவைக் கொண்டு ஒரு பெண்ணின் வருங்காலத்தைக் கூறுவது பொருந்தாது. மலிவான சோதனை யாவும் பயனுடைய சோதனை ஆகிவிடாது.

இந்திய நிலை

பதினொரு மக்கள்தொகைப் பதிவேடுகளிலிருந்து, 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,331 மகளிரின் நிலையை ஆராய்ந்த அறிக்கை 2024இல் வெளிவந்தது. ஐந்தாண்டு வாழ்வீதம் மொத்தத்தில் 66.4 விழுக்காடு. மிசோரத்தில் 74.9 ஆகவும் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட் பகுதியில் 41.9 ஆகவும் அது இருந்தது. நோய் மார்பகத்திலேயே அடங்கியிருந்தவர்களில் 81 விழுக்காட்டினர் பிழைத்திருந்தனர். தொலைவு உறுப்புகளுக்குப் பரவியவர்களில் 18.3 விழுக்காட்டினரே. நோய் கண்டறியப்படும் நிலையே இன்றும் எல்லாவற்றிலும் வலிய முன்கணிப்புக் குறியீடு என்பதை இவ்வெண்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் எப்போதேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மும்பையில் 1998இல் தொடங்கி, 1,51,538 மகளிரை இருபதாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் செய்யும் பரிசோதனை நோயை முந்திய நிலையில் கண்டறிய உதவுவதையும், 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைப்பதையும் 2021இல் நிறுவியது. எந்த நுண்ணிய குறியீடும் இதற்கு மாற்றாகாது.

அடுத்த இடையூறு திசுவைக் கையாளும் முறையில் உள்ளது. அகற்றிய கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் வெட்டித் திறந்து, அதன் பருமனைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் கரைசலில் இடவேண்டும். 6 மணி முதல் 72 மணி வரை அதில் இருக்க வேண்டும். சிறிய குப்பியில் குறைந்த கரைசலில் அடைபட்டு, நீண்ட பயணத்துக்குப் பின் நகரத்து ஆய்வகத்தை அடையும் கட்டியில் ஏற்பிகள் சிதைந்துவிடுகின்றன. அவ்வாறு சிதைந்தால், ஹார்மோன் ஏற்பி உண்மையில் உள்ள ஒருவர் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ எனத் தவறாகப் பதிவாவார். அதனால் மலிவான டமாக்சிஃபென் மாத்திரையின் பயனை அவர் இழக்கிறார். அவரது தகட்டில் வெள்ளணுக்களை எவ்வளவு திறமையுடன் அளந்தாலும் அவ்வளவு தவறான பட்டியலில் வைத்தே வாசிக்கப்படும். ஒரு குப்பி ஃபார்மலினும், கட்டி அகற்றிய நேரத்தை எழுதிய ஒரு சீட்டும் இப்பிழையைப் பெருமளவு தவிர்க்கும்.

மூன்றாவது இடையூறு நிதி. தொடக்க நோய்க்குப் பெம்ப்ரொலிசுமாப் அறுவைக்கு முன் 8 முறையும் பின் 9 முறையும் ஆக 17 முறை செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவு இலட்ச ரூபாய்க் கணக்கில் அமைகிறது. 2018இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை காப்பளிக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இடைவெளி விளங்கும். செலவைக் குறைக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு, தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்னும் இவ்வகை மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் அளித்து, ஓராண்டு வாழ்வீதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆக உயர்ந்ததைக் காட்டியது. மார்பகப் புற்றுநோய்க்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. தனி ஆய்வு வேண்டும். எனினும் ஆராய வேண்டிய திசையை அது சுட்டுகிறது. 2012இல் அமைந்த தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு மேற்கொண்ட கூட்டுக் கொள்முதலும் மருந்து விலையைக் குறைத்துள்ளது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ கட்டி ஒவ்வொன்றின் அறிக்கையிலும் வெள்ளணு விழுக்காட்டுக்கு ஒரு வரி ஒதுக்கப்படலாம். கூடுதல் பொருட்செலவு ஏதுமின்றி இது இயலும். நோயியல் துறைப் பட்டமேற்படிப்பில் இப்பயிற்சி சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அறுவைக் கூடத்திலிருந்து ஆய்வகம் வரை திசுவைக் கையாளும் ஒழுங்குமுறை மாவட்ட மருத்துவமனைகளில் நிலைபெற வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளுக்குள் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025–26 மத்திய வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. மருந்து மாவட்டத்தைச் சென்றடையும்போது திருத்தமான நோயறிக்கையும் உடன் சென்றடைய வேண்டும்; இல்லையேல் தவறான நோயாளிக்கு மருந்து விரைவாகச் சேரும் நிலை ஏற்படும். மூன்றாவதாக, பி.டி.–எல்.1 போன்ற செலவு மிகுந்த சோதனை, அதன் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடிய பரவிய நோயில் மட்டுமே பொதுநிதியிலிருந்து செய்யப்படலாம். முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறாத இடத்தில் சோதனைக்குச் செலவிடுவது பயனற்றது. நான்காவதாக, வெள்ளணு விழுக்காடும் நோயின் முடிவும் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இணைத்துப் பதியப்பட்டால், மேலைநாட்டு எண்களை நம்பியிராமல் இந்திய மகளிருக்குரிய அளவுகளைக் கணிக்க இயலும்.

வெள்ளணுக்கள் மிகுந்த தொடக்க நோயாளிகளுக்குக் கீமோதெரபியைக் குறைக்கலாமா என்பது ஆய்வில் உள்ள வினா. விடை ‘ஆம்’ என அமையுமாயின் பல பெண்கள் தலைமுடி உதிர்தல், வாந்தி, இதயப் பாதிப்பு, ஊதிய இழப்பு ஆகியவற்றிலிருந்து தப்புவர்; மருத்துவமனைப் படுக்கையும் மருந்தும் தேவை மிகுந்தவருக்குக் கிடைக்கும். அதுவரை, தகட்டில் கண்ட நற்குறியை நம்பிச் சிகிச்சையைத் தாமே நிறுத்துவது உயிருக்கு ஊறு விளைவிக்கும். அதுபோன்றே, வெள்ளணு குறைந்த கட்டி என்பதால் நம்பிக்கை இழக்கவும் காரணமில்லை. கீமோதெரபி பெறாமலேயே அவ்வகைத் தொடக்க நோயாளிகளில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு ஐந்தாண்டுகளில் தொலைவு உறுப்புகளில் நோய் மீளவில்லை என்பதை மேலே கண்டோம். விழுக்காடு என்பது கூட்டத்தைப் பற்றிய கூற்று. எதிரே அமர்ந்திருக்கும் தனியொரு பெண்ணின் விதியை அது எழுதிவிடுவதில்லை. அவரது கட்டியைப் பற்றிக் கிடைக்கக்கூடிய செய்தி அனைத்தும் திருத்தமாக வாசிக்கப்பட்டு, தக்க சிகிச்சை உரிய காலத்தில் அவருக்குக் கிடைக்கச் செய்வதே மருத்துவத்தின் கடமையும் திட்டமிடுதலின் கடமையும் ஆகும்.